முதல் சோவியத் விண்கலங்களை மறுபடி ஓட்டிப் பார்ப்பது

சாலைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கிழக்கேகோட்டையிலிருந்து வந்தால், பித்தளைப் பாத்திரக் கடைகளைத் தாண்டி, ஒரே ஆள் உட்காரக்கூடிய பெட்டிக்கடை. மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் அவரிடம் சில படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல சாவி கொடுக்க இடமே இல்லியே தம்பி. எது ஓட்டுது இத?"

"நொடிக்கு ஒரு தடவ கரண்டு துடிப்பு ஒண்ணு வரும் அண்ணாச்சி. அவ்வளவுதான்."

"நொடிக்கு ஒண்ணா? அப்ப இது கடியாரம்தான். முள்ளுக்குப் பதிலா பூமிய மாட்டியிருக்கான்."

அவர் பார்த்தது 'குளோபஸ்' என்ற கருவியின் உள்ளுறுப்புகளை. 1961இல் யூரி ககாரின் ஏறிப்போன வஸ்தோக் கலத்தின் முன்பலகையில் கைக்கடக்கமான ஒரு பூவுருண்டை இருந்தது. கலம் இப்போது பூமியின் எந்த இடத்துக்கு மேலே பறக்கிறது என்பதை அது சுழன்று காட்டும். அதுவும் சோயுஸ் கலங்களில் வந்த அதன் வாரிசுகளும் நாற்பது வருடம் ஓடின. 2002இல் சோயுஸ் டிஎம்ஏ வந்த பிறகுதான் கணினித் திரை அந்த இடத்தைப் பிடித்தது. அண்ணாச்சி சொன்ன ஒரு வாக்கியத்தில் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அடங்கிவிட்டது. அந்தக் கலத்தில் இருந்தவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வானத்திலோ தரையிலோ எதுவும் இல்லை. ஒரு கடிகாரம்தான் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

தொடக்ககால சோவியத் ஆளேறு கலங்களை இன்று நாம் மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா, பார்ப்பதானால் எவ்வளவு உண்மையாக, கருவிகளும் வானொலியும் எந்த அளவுக்கு அசலைப் போல இருக்க வேண்டும் என்ற கேள்வி உலகம் முழுக்கப் பல பேரைப் பிடித்து ஆட்டுகிறது. பயிற்சிக் கலங்களைக் கட்டியவர்கள், அருங்காட்சியகத்தார், கணினி நிரல் எழுதுகிறவர்கள், பழைய கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் பொறியாளர்கள் என்று ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாகப் பார்ப்பதற்கு முன் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கலங்களின் உண்மை, உள்ளே இருந்தவனுக்கு என்ன தெரியாது என்பதில் இருக்கிறது. அந்தத் தெரியாமையைக் காப்பாற்றாத சிமுலேட்டர், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வஸ்தோக் ஆகாது.

திருவனந்தபுரத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய இந்தத் தெருவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதன் பிறகு தும்பாவில் அதிகம் கேட்ட ராக்கெட் சத்தம் சோவியத் நாட்டினுடையது. 1970 கடைசியில் தொடங்கி 1993 வரை எம்-100 என்ற வானிலை ராக்கெட்டுகள் வாராவாரம் ஏவப்பட்டன. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். அந்த ஏவுதளத்துக்கு 'மின்ஸ்க்' கணினியைக் கொடுத்ததும் அவர்கள்தான். 2024 பிப்ரவரி 27 அன்று ககன்யான் வீரர்கள் நான்கு பேரின் பெயரை நாட்டுக்கு அறிவித்ததும் இதே தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நான்கு பேருமே 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை மாஸ்கோ அருகே ககாரின் பெயர் தாங்கிய பயிற்சி மையத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். ஆக, அந்த முதல் கலங்களின் வழிமுறை நம் ஊர் வேலைக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் அசல் பயிற்சிக் கலத்தைப் பார்ப்போம். வஸ்தோக்கின் கருவிப் பலகையையும் அதன் சிமுலேட்டரையும் உருவாக்கியது ஒரே குழு. மாஸ்கோவுக்கு வெளியே ஷுகோவ்ஸ்கி நகரில் இருந்த விமானப் பறப்பு ஆய்வு நிலையத்தில் செர்கெய் தரேவ்ஸ்கி தலைமையில் வேலை பார்த்த ஆட்கள் அவர்கள். சோதனை விமானி மார்க் கல்லாய் அந்தச் சிமுலேட்டரில் முதல் ஆறு விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1961 ஜனவரி 17, 18 தேதிகளில் அந்த ஆறு பேருக்குப் பரீட்சை நடந்தது. கலத்தைக் கட்டுகிறவனும் பயிற்சிக் கலத்தைக் கட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்ததால் பலகையின் எந்தக் குமிழ் எதற்கு என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் வரவில்லை. இன்றைக்கு நாம் செய்யும் மறுவுருவாக்கங்களுக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு மிஞ்சியிருப்பவை புகைப்படம், கையேடு, ஏலத்துக்கு வந்த சில கருவிகள்.

வஸ்தோக்கின் பலகையில் இருந்தவை மிகக் கொஞ்சம். குளோபஸ், கடிகாரம், அழுத்தமும் வெப்பமும் ஈரமும் காட்டும் சில முள்ளுகள், இடது பக்கம் சுவிட்சுப் பலகை, வலது பக்கம் கலத்தைத் திருப்பும் கைப்பிடி. காலடியில் இருந்த சன்னலில் 'வ்ஸோர்' என்ற ஒளியியல் கருவி. அது நடுவில் ஒரு திரை, சுற்றிலும் எட்டுக் கண்ணாடிகள் என்ற அமைப்பு. எட்டிலும் பூமியின் விளிம்பு சமமாகத் தெரிந்தால் கலம் பூமியைப் பார்த்து நேராக நிற்கிறது என்று அர்த்தம். நடுத்திரையில் நிலம் ஓடும் திசையை அம்புக்குறியோடு ஒத்துப்பார்த்து, கலம் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பகல் பக்கத்தில்தான் இதில் முழுப் பயன். இரவுப் பக்கத்தில் கீழே நிலம் ஓடுவது தெரியாதே.

அந்தக் கைப்பிடிக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். எடையின்மையில் மனிதனுக்குப் புத்தி தடுமாறிவிடுமோ என்ற பயம் அன்றைக்கு மெய்யாகவே இருந்தது. அதனால் மூன்று எண்களை அழுத்தினால்தான் கைக்கட்டுப்பாடு உயிர் பெறும். எண்கள் ஓர் உறையில் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. ககாரின் கிளம்பும் முன்பே 1, 2, 5 என்ற அந்த எண்கள் அவர் காதில் போடப்பட்டுவிட்டன. கல்லாய் போன்றவர்களுக்கு அந்தப் பூட்டே மனசுக்கு ஒப்பவில்லை. என்னைப் பொறுத்தவரை சிமுலேட்டர் கட்டுகிறவன் முதலில் வைக்க வேண்டியது இந்தப் பூட்டைத்தான். கலம் தன்னால் ஓடுகிறது, கை கட்டியிருக்கிறது, முடியாத கட்டத்தில் உறையைப் பிரிக்க வேண்டும். வஸ்தோக்கில் உட்கார்ந்த மனிதனின் நிலைமை அதுதான். கணினி விளையாட்டு வழக்கப்படி எடுத்த எடுப்பில் கைப்பிடியைக் கொடுத்துவிட்டால், அது வேறு ஏதோ ஒரு கலம்.

குளோபஸ் விஷயத்தில் அண்மையில் பெரிய வெளிச்சம் போட்டவர் அமெரிக்கப் பொறியாளர் கென் ஷிரிஃப். சோயுஸ் காலத்துக் குளோபஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதன் பற்சக்கரம் ஒவ்வொன்றும் என்ன கணக்குப் போடுகிறது என்று 2023இல் விளக்கி எழுதினார். அதில் சுழல்காட்டி கிடையாது, வானொலி உள்ளீடு கிடையாது, நட்சத்திரம் பார்ப்பதும் கிடையாது. தொடக்க இடமும் சுற்றுக் காலமும் விண்வெளி வீரர் குமிழைத் திருப்பி வைப்பவை. அதற்குப் பிறகு நொடிக்கொரு துடிப்பில் பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். உருண்டை ஒரே சமயத்தில் இரண்டு அச்சில் திரும்ப வேண்டும்: ஒன்று கலத்தின் சுற்றுப்பாதைக்கு, இன்னொன்று பூமி தானே சுழல்வதற்கு. பாதையின் சாய்வு கருவிக்குள்ளேயே அடித்து வைக்கப்பட்டது, மாற்ற முடியாது. வஸ்தோக்குக்கு 65 பாகை, பின்னாளைய சோயுஸுக்கு 51.8 பாகை.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சி படத்தின் மேல் விரலை வைத்தார். "வெளித்தண்டு சுத்துறப்ப உள்ளத் தண்டும் கூடவே இழுபட்டுச் சுத்துமே தம்பி. அதக் கழிக்காண்டாமா?" கழிப்பதற்குத்தான் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் இருக்கின்றன, லாரியின் பின்னச்சில் இருக்குமே அதே வகை, இங்கே சுண்டுவிரல் நகத்தளவில் என்றேன். தலையை ஆட்டினார். கிள்ளிப்பாலத்துப் பக்கம் லாரிப் பட்டறைகளில் கிரவுன் பினியன் மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, மேத்தன் மணி இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். பற்சக்கரத்தைக் கொண்டு ஒரு முகத்தை இயக்க முடியும் என்று இந்த ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. பூமியை இயக்குவதும் அதே கைத்திறன்தான்.

குளோபஸில் இன்னொரு சுவிட்சு உண்டு. அதைப் போட்டால் உருண்டை முன்னோக்கி ஓடி, இந்த நிமிஷம் பிரேக் எஞ்சினை இயக்கினால் எங்கே போய் விழுவோம் என்று காட்டும். காடா, கடலா, அந்நிய நாடா? தரையோடு பேச்சு அற்றுப்போன வீரனுக்கு அந்த ஒரு பார்வை உயிருக்குச் சமம். கருவி தவறாக வைக்கப்பட்டிருந்தால் அது தவறாகவே, அதே அமைதியோடு, சொல்லும். கணினி சிமுலேட்டர்கள் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான நிரல்களில் உருண்டையின் படத்துக்குக் கலத்தின் மெய்யான இடம் நேரடியாக ஊட்டப்படுகிறது. பார்க்க குளோபஸ், உள்ளே எல்லாம் தெரிந்த கடவுள். ஆட்டக்காரன் சுற்றுக் காலத்தை அரை நிமிஷம் தப்பாக வைத்தால் உருண்டையும் மெல்ல மெல்ல விலகிப் போக வேண்டும். அப்படி விலகினால்தான் அது கருவி.

அந்த விலகல் எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விடும் என்று கணக்கிடுவது கடினமில்லை. கலம் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் போகிறது. பிரேக் எஞ்சினை ஒரு நிமிஷம் தாமதமாக இயக்கினால் இறங்கும் இடம் 470 கிலோமீட்டர் தள்ளிப் போகும், திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டியவர் சென்னைக்குப் போகும் வழியில் பெரும் பகுதியைக் கடந்திருப்பார். இது வெறும் கணக்கு இல்லை, நடந்தது. 1965 மார்ச் 18 அன்று வஸ்ஹோத்-2 கலத்தில் அலெக்ஸெய் லியோனவ் முதல் விண்நடை நடந்தார். மறுநாள் திரும்பும் வேளையில் தானியங்கி அமைப்பு கைவிட்டது. பாவெல் பெல்யாயெவ் கையால் கலத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. வஸ்தோக்கில் ஒருவர் இருந்த உருண்டைக்குள் வஸ்ஹோத்தில் இருக்கைகளை 90 பாகை திருப்பிப் போட்டிருந்தார்கள். கருவிகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. இருக்கையில் உட்கார்ந்தபடி வ்ஸோரைப் பார்க்கவே முடியாது. பெல்யாயெவ் இரண்டு இருக்கைகளுக்கும் குறுக்கே படுத்துப் பார்த்துக்கொண்டு கலத்தைத் திருப்பினார், லியோனவ் அவர் மிதந்து போகாமல் பிடித்துக்கொண்டார். எஞ்சினை இயக்கும் முன் எடைச் சமநிலைக்காக இருவரும் இருக்கைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குப் போனது 46 விநாடி. 46 விநாடியை 7.8ஆல் பெருக்கினால் 359 கிலோமீட்டர் வரும். கலம் குறித்த இடத்திலிருந்து 386 கிலோமீட்டர் தள்ளி, பனி மூடிய தைகா காட்டில் இறங்கியது. மீட்கப்படும்வரை இரண்டு இரவுகள் அங்கே கழிந்தன.

இந்த நிகழ்ச்சியைத் திரையில் எப்படி ஓட்டிக் காட்டுவது? மவுஸை ஆட்டி வ்ஸோர் பக்கம் பார்வையைத் திருப்பினால் அரை விநாடி. பெல்யாயெவுக்கு அதுவே உடம்பை வளைத்துப் படுத்துச் செய்யும் வேலை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டும் சிமுலேட்டரின் எல்லை இங்கே வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். கருவிகளை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், அவை அமர்ந்திருப்பவனின் கைக்கும் கண்ணுக்கும் எந்தத் தூரத்தில் இருந்தன என்பதைப் பலகை வைத்துக் கட்டித்தான் காட்ட முடியும். மரப்பலகை போதும். தச்சர் ஒருவர் இரண்டு நாளில் முடித்துவிடுவார்.

இனி வானொலி. பலகையைவிட இது எனக்கு நெருக்கமான விஷயம். சின்ன வயதில் எங்கள் கடையில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலத்தில் மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தேடி அப்பா குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். குரல் வரும், அலையடித்தாற்போல் மங்கும், இன்னொரு நிலையத்தின் பாட்டு மேலே ஏறும், மறுபடி குரல் தலைகாட்டும். 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளில் ககாரினின் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த மங்கல்தான் அவருடைய நாட்டின் சத்தம்.

வஸ்தோக்கின் வானொலி அமைப்புக்கு 'ஸர்யா', விடியல், என்று பெயர். தரைநிலையங்களின் அழைப்புப் பெயரும் அதுவே. ககாரின் 'கேதர்', தேவதாரு. அலைவரிசைகளை அன்றைய சோவியத் பத்திரிகைகளே அச்சிட்டன: சிற்றலையில் 9.019, 20.006 மெகாஹெர்ட்ஸ், மீயுயர் அதிர்வெண்ணில் 143.625. 'சிக்னல்' என்ற அடையாள ஒலிபரப்பு 19.995இல். மீயுயர் அதிர்வெண்ணுக்கும் சிற்றலைக்கும் குணம் வேறு வேறு. 143.625 தெளிவாகப் பேசும், ஆனால் தொடுவானம் வரைதான் எட்டும். கலம் 250 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் தொடுவானம் சுற்றிலும் சுமார் 1,800 கிலோமீட்டர். ஒரு நிலையத்தின் தலைக்கு மேல் நேராகப் போனாலும் பேசக் கிடைக்கும் நேரம் எட்டு நிமிடம்போல. ஓரமாகப் போனால் அதுவும் இல்லை. சிற்றலை பூமியைச் சுற்றி எட்டும், ஆனால் அயனி மண்டலம் மனம் வைத்தால்தான். பகல், இரவு, சூரியப்புள்ளிகளின் ஆண்டு என்று எல்லாவற்றுக்கும் அது கட்டுப்பட்டது.

1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9.07க்குக் கிளம்பிய ககாரின் அரை மணி நேரத்துக்குள் சோவியத் மண்ணின் கிழக்கு எல்லையைக் கடந்துவிட்டார். பிறகு பசிபிக், தென் அமெரிக்காவின் தென்முனை, அட்லாண்டிக். பிரேக் எஞ்சின் 10.25 வாக்கில் ஆப்பிரிக்காவை நெருங்கும்போது இயங்கியது. இடைப்பட்ட சுமார் 50 நிமிஷத்தில் தெளிவான பேச்சு இல்லை. அவர் தன் நிலையை அறிவித்துக்கொண்டே இருந்தார், யாராவது கேட்டார்களா என்று அவருக்குத் தெரியாது. குறிப்பெழுதக் கொடுத்திருந்த பென்சில் கழன்று மிதந்து போய்விட்டது. பதிவுக் கருவியில் பேசினார். அதன் நாடாவும் ஓடி முடிந்தது. கையால் பின்னுக்குச் சுற்றிவிட்டு, முன்பு பேசியதன் மேலேயே பேசிப் பதிந்தார். சிமுலேட்டர் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? பென்சில் தொலைய வேண்டும். நாடா தீர வேண்டும். அந்த 50 நிமிஷத்தை வேகமாக ஓட்டித் தள்ளும் பொத்தானே இருக்கக் கூடாது.

இன்னொரு விதமான மறுவோட்டமும் உண்டு. 2011இல் ககாரின் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக கிறிஸ்டஃபர் ரைலி 'ஃபர்ஸ்ட் ஆர்பிட்' என்ற படத்தை எடுத்தார். ககாரின் போன பாதையைப் பன்னாட்டு விண்வெளி நிலையம் எங்கெங்கே ஒத்துக் கடக்கிறது என்று கணக்குப் போட்டு, அங்கிருந்த பாவ்லோ நெஸ்போலி எடுத்த காட்சிகளோடு ககாரினின் அசல் வானொலிப் பேச்சைக் கோத்தது அந்தப் படம். குமிழும் இல்லை, கைப்பிடியும் இல்லை, பார்வையாளன் எதையும் தொட முடியாது. ஆனால் நான் பார்த்தவற்றுள் வஸ்தோக்கின் அனுபவத்துக்கு மிக அருகே வந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். காரணம், அது நேரத்தைச் சுருக்கவில்லை. பேச்சில்லாத இடத்தில் பேச்சில்லாமல் விட்டது.

கணினி நிரல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆர்பிட்டர்' இன்றும் இலவசம். அதன் மூல நிரலும் 2021இல் திறந்துவிடப்பட்டது. பாதை இயற்பியலில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆர்வலர்கள் அதில் வஸ்தோக், சோயுஸ் எல்லாம் கட்டி இணைத்திருக்கிறார்கள். சங்கடம் என்னவென்றால் அதன் வழக்கமான திரைகள் பாதையின் உயரம், வேகம், சுற்றுக் காலம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி எண்ணாகக் காட்டிவிடும். நானும் தங்கச்சி மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரைகளை அட்டை வைத்து மறைத்துவிட்டு, சமையலறைச் சுவர்க் கடிகாரத்தையும் பள்ளிக்கூடப் பூவுருண்டை ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினோம். நிமிஷத்துக்கு நான்கு பாகையாகப் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டும். முப்பதாவது நிமிஷத்தில் நாங்கள் ஹவாய்க்குத் தெற்கே இருப்பதாக அவன் சொன்னான். நாற்பதில் பேச்சை நிறுத்திவிட்டான். பசிபிக்கின் நீலத்தில் புள்ளி புள்ளியாக வைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. "மாமா, ஏதாவது சத்தம் வருமா?" என்று கேட்டான். வராது என்றேன். அட்டையை எடுத்துப் பார்த்தபோது எங்கள் புள்ளி மெய்யான இடத்திலிருந்து நான்கைந்து பாகை தள்ளி இருந்தது. பூமி தன் பங்குக்குத் திரும்பியதைப் பாதியில் மறந்துவிட்டிருந்தோம்.

அந்த மறதி சின்னதில்லை. 89 நிமிஷத்தில் கலம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி 22 பாகைக்குக் கொஞ்சம் மேலே திரும்பிவிடுகிறது. நிலநடுக்கோட்டில் அது 2,480 கிலோமீட்டர். குளோபஸின் இரண்டாவது அச்சு எதற்கு என்று அவனுக்குப் படம் போட்டு விளக்கத் தேவையே வரவில்லை.

வானொலியைக் கேட்கும் பக்கத்திலிருந்தும் ஒரு மறுவோட்டம் நடந்திருக்கிறது, அதைச் செய்தது ஒரு பள்ளிக்கூடம். இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் சக ஆசிரியர் டெரிக் ஸ்லேட்டரும் சாதாரண சிற்றலைக் கருவியில் சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்டு, மாணவர்களை வைத்துக் குறித்துக் கொண்டிருந்தார்கள். கலம் நெருங்கும்போது அதிர்வெண் சற்று ஏறும், விலகும்போது இறங்கும். 143.625 மெகாஹெர்ட்ஸில் அந்த மாற்றம் உச்சத்தில் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு வரும். அதை வைத்துப் பாதையைக் கணக்கிடலாம். 1966இல் அவர்கள் பாதைகளைக் கணக்கிட்டு, சோவியத் நாடு வெளியே சொல்லாத பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் சிமுலேட்டர்களில் இந்த அதிர்வெண் நழுவல் இருப்பதில்லை. குரல் கொஞ்சம் கரகரக்கும், அதோடு சரி. ஆனால் நழுவல்தான் கலம் வருகிறதா போகிறதா என்று தரையிலிருப்பவனுக்குச் சொல்லும். பேசுகிறவனையும் கேட்கிறவனையும் இரண்டு அறையில் உட்கார வைத்து, நடுவே தொடுவானத்தையும் மங்கலையும் நழுவலையும் கணக்கிடும் சின்ன நிரல் ஒன்றை வைத்தால் போதும். ஆறாயிரம் கிலோமீட்டர் தூரம் வகுப்பறைக்குள் வந்துவிடும்.

வானொலிச் சோதனை என்றதும் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும், அவர் மனிதர் இல்லை. 1961 மார்ச் 9, 25 தேதிகளில் ககாரினுக்கு முன்னோட்டமாகப் பறந்த இரண்டு கலங்களில் 'இவான் இவானவிச்' என்று பெயர் வைத்த பொம்மை உட்கார்ந்திருந்தது. குரல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒலிநாடா வேண்டும். ஒரு மனிதன் பேசுவதுபோல் பதிந்து அனுப்பினால் வெளிநாட்டில் கேட்பவர்கள் ரகசியமாக ஆளை அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். அதனால் குழுப்பாடலையும் முட்டைக்கோஸ் சூப் வைக்கும் பக்குவத்தையும் பதிந்து அனுப்பினார்கள்.

நம் ஊரில் அதே இடத்தில் வ்யோமமித்ரா உட்காரப் போகிறாள். ககன்யானின் ஆளில்லாப் பயணத்துக்காக அவளை உருவாக்கியது திருவனந்தபுரம் வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோ நிலைமச் சாதன அலகு. 2020 ஜனவரியில் பெங்களூரில் முதன்முதலாகப் பார்வைக்கு வந்தாள். கலத்தின் அளவீடுகளைக் கவனிப்பாள், சுவிட்சுகளை இயக்குவாள், பேசுவாள். இவானவிச் வெறும் எடையும் ஒலிநாடாவும். இவள் கருவிப் பலகையோடு உறவு வைக்கிறாள். அறுபது வருடத்தில் வந்த மாற்றம் இந்த இரண்டு பொம்மைகளுக்கு நடுவே தெரிகிறது. வானொலியிலும் அப்படியே. ககாரினுக்கு இருந்த 50 நிமிஷ இடைவெளி ககன்யானுக்கு இருக்காது. ஆஸ்திரேலியாவின் கோகோஸ் தீவில் தற்காலிகத் தரைநிலையம், அதற்கும் மேலே தகவலை அஞ்சல் செய்யும் செயற்கைக்கோள்கள் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பேச்சற்ற இடைவெளியை ஓட்டிப் பழகுவதில் யாருக்கு லாபம் என்ற கேள்வி நியாயமானது. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் ராகேஷ் சர்மா கிளம்பியபோது அந்தக் கலத்தில் 'அர்கோன்-16' கணினி இருந்தது. பக்கத்தில் மலிஷெவும் ஸ்த்ரெகாலவும் இருந்தார்கள். ஆனாலும் சர்மாவும் மாற்று வீரர் ரவீஷ் மல்ஹோத்ராவும் 1982 முதல் அதே ககாரின் பயிற்சி மையம் இருக்கும் நட்சத்திர நகரில் ரஷ்ய மொழியிலேயே கருவிப் பலகையைப் படித்தார்கள். கணினி இருக்கும்போதும் கையால் இறக்கப் பழகுவது அந்தப் பள்ளியின் பழக்கம். இறங்கும்போது ககாரினின் கலத்தையும் அதன் கருவிப் பகுதியையும் பிணைத்த கம்பிக்கட்டு அறாமல் பத்து நிமிஷம் கலம் தடுமாறியதும், பெல்யாயெவ் குறுக்கே படுத்ததும் அந்தப் பள்ளியின் நினைவில் இருக்கின்றன. ஆகவே லாபம் வீரர்களுக்கும் உண்டு. ஆனால் என் கவலை வீரர்களைப் பற்றியது அல்ல, அவர்களுக்குப் பயிற்சி நன்றாகவே கிடைக்கும். என் கவலை தும்பாவின் மாதா கோயிலிலுள்ள விண்வெளி அருங்காட்சியகத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. டெல்லி நேரு கோளரங்கத்தில் சர்மா திரும்பி வந்த சோயுஸ் டி-10 கலம் வைக்கப்பட்டிருக்கிறது. கரிந்த அந்த உலோகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கத்தான் முடியும். தொட்டுத் திருப்ப ஒரு பலகை இல்லை.

தும்பாவிலோ, இந்த நகரத்தின் ரஷ்யப் பண்பாட்டு மையத்திலோ, ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியிலோ, மரப்பலகையில் ஒரு வஸ்தோக் இருக்கை, சுழலும் உருண்டை, மூன்று எண் பூட்டு, ஒரு ஹெட்போன் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. செலவு அதிகமில்லை, ஆனால் உருண்டை அசல் பற்சக்கரத்தில்தான் ஓட வேண்டும். பிள்ளை கண்ணாடி வழியே பல்லைப் பார்த்துக்கொண்டே பூமி திரும்புவதைப் பார்க்க வேண்டும்.

அதற்கான முதல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பூமி ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 1,436 நிமிஷம், வஸ்தோக்குக்கு 89.1 என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். தாளில் வகுத்து 16.1 என்று போட்டார். பிறகு விரல் விட்டு எண்ணி, எட்டு இலைப் பினியனும் 129 பல் சக்கரமும் வைத்தால் 16.125 வரும் என்றார். நான் கணக்கிட்டுப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கும் குறைவான பிசகு. ஒரே ஒரு சுற்றுக்கு அது தாராளம். பினியனைப் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருக்கிறார். 129 பல் சக்கரத்துக்குப் பித்தளைத் தகடு நான் வாங்கிக் கொடுக்க வேண்டும், கனம் ஒன்றரை மில்லி.